சி டிரைவில் இடமில்லை: ஜிபார்ட்டட் பயன்படுத்திப் பார்த்ததில்

சி டிரைவின் பட்டை சிவப்பாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றினேன், அப்புறம் தற்காலிக ஃபைல்களை அழித்தேன், பெரிய மென்பொருள்கள் இரண்டை நீக்கிவிட்டு டி-யில் மறுபடி நிறுவினேன். ஒவ்வொரு முறையும் நான்கைந்து ஜிபி கிடைக்கும், அடுத்த அப்டேட் வந்து அதையும் விழுங்கிவிடும். ஒரே ஹார்ட் டிஸ்க்தான், 1 டிபி. விண்டோஸ் கணக்கில் அது 931 ஜிபி, ஏனென்றால் டிஸ்க் செய்பவர்கள் லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போகிறது. அதில் சி-க்கு வெறும் 100 ஜிபி, மீதி கிட்டத்தட்ட எல்லாமே டி-க்கு. டி-யில் 500 ஜிபி சும்மா கிடக்கிறது, பக்கத்திலேயே சி மூச்சுத் திணறுகிறது. கணினியை வாங்கியபோது 100 ஜிபி தாராளம் என்று நினைத்துப் பிரித்தது நான்தான்.

இந்த வேலையை முடித்துக் கொடுத்தது ஜிபார்ட்டட் என்ற இலவச மென்பொருள். இரண்டு மூன்று வாரமாக அதைப் பற்றித் தேடிப் படித்து, ஒரு பழைய டிஸ்கில் ஒத்திகை பார்த்து, பிறகுதான் வீட்டுக் கணினியில் கை வைத்தேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்பிப் பயன்படுத்தலாம். முடியாததை முடியாது என்று சொல்லி நின்றுவிடுகிறது, அதுதான் எனக்குப் பிடித்த குணம். ஆனால் அது தெரிந்துவைத்திருப்பது பார்ட்டிஷன்களை, அதாவது சி, டி என்று டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதிகளை, மட்டும்தான். நம் கணினியில் அதற்கு மேல் என்னென்ன இருக்கிறது என்று நாம்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலருக்கு அதுவே போதும். விஸ்டா காலத்திலிருந்து, அதாவது 2007-லிருந்து, ஷ்ரிங்க் (குறைப்பது), எக்ஸ்டெண்ட் (பெரிதாக்குவது) இரண்டும் அதில் உண்டு. சி-யைக் குறைத்து லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வேண்டுமா, அதிலேயே செய்யலாம். ஆனால் சி-யைப் பெரிதாக்க வேண்டுமென்றால் சி-க்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருக்க வேண்டும், நடுவில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. டி-யைக் குறைத்தால் காலி இடம் டி-யின் வால் பக்கம்தான் வரும், சி-க்குப் பக்கத்தில் வராது. அதனால் சி-யின் மேல் வலது கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் என்ற வரி மங்கலாகவே இருக்கும். இதைப் பார்த்துக் கணினியில் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கோளாறு இல்லை, அந்தக் கருவிக்கு பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தத் தெரியாது, அவ்வளவுதான். குறைப்பதிலும் ஒரு எல்லை உண்டு. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் (கணினி உறங்கப் போகும்போது தன் நினைவை எழுதிவைப்பது), ரீஸ்டோர் பாயிண்டுகள் போன்றவை விண்டோஸ் ஓடும்போது நகராது. அவை பார்ட்டிஷனின் நடுவில் எங்காவது உட்கார்ந்திருந்தால் அதற்கு மேல் குறைக்க விடாது, 200 ஜிபி காலியாக இருந்தாலும் 20 ஜிபிதான் குறைக்கலாம் என்று சொல்லும்.

ஜிபார்ட்டட்டுக்கு வருவதற்கு முன் ஒரு விண்டோஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, எல்லாவற்றையும் இழுத்து வைக்க விட்டது, கடைசியில் செயல்படுத்து என்று அழுத்தியதும் பணம் கட்டும் பக்கம் திறந்தது. பணம் கேட்பது தவறில்லை, முதல் திரையிலேயே கேட்டிருக்க வேண்டும். டிஸ்கைப் பிரித்து மேயப்போகும் ஒரு மென்பொருள் இந்தச் சின்ன விஷயத்திலேயே நேராக நடந்துகொள்ளவில்லை என்றால் என் ஃபைல்களை அதனிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜிபார்ட்டட் 2004-லிருந்து இருக்கிறது. அதற்கு முன்னால் 1990-களில் இந்த வேலைக்குப் பேர்போனது பார்ட்டிஷன் மேஜிக். அதைச் செய்த பவர்குவெஸ்ட் நிறுவனத்தை 2003-ல் சிமேன்டெக் வாங்கியது, பிறகு அந்த மென்பொருளே நின்றுபோனது. ஜிபார்ட்டட்டின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இதை விண்டோஸுக்குள் நிறுவ முடியாது. ஜிபார்ட்டட் லைவ் என்று டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு சின்ன ஐஎஸ்ஓ ஃபைல் கிடைக்கும், அதை ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் ஏற்றி, அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியை பூட் செய்ய வேண்டும். அப்போது விண்டோஸ் ஓடுவதே இல்லை, சி டிரைவின் எந்த ஃபைலையும் அது பிடித்து வைத்திருக்காது, அதனால் நகராத ஃபைல் என்ற பேச்சே இல்லை. தொடக்கத்தில் கறுப்புத் திரையில் கீபோர்டு, மொழி, திரை அமைப்பு என்று மூன்று நான்கு கேள்விகள் வரும், பழகாதவர்களுக்குக் கொஞ்சம் மிரட்டலாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் என்டர் தட்டினால் போதும், தெளிவான ஒரு விண்டோ திறக்கும்.

அந்த விண்டோவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வலது மேல் மூலையில் இருக்கும் டிஸ்க் பெயரை. எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாக இருக்கும், பென்டிரைவும் அதில் ஒன்றாக வரும். அளவை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் காண வேண்டும். சி, டி என்ற எழுத்துகள் அங்கே கிடையாது, அவை விண்டோஸ் வைத்த பெயர்கள். விண்டோஸில் இருக்கும்போதே ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பெயர் கொடுத்து வைத்தால் இங்கே லேபிள் என்ற பத்தியில் அது தெரியும். நான் அப்படித்தான் செய்தேன், பெரிய நிம்மதி.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். பார்ட்டிஷனின் வலது ஓரத்தை நகர்த்துவதும் இடது ஓரத்தை நகர்த்துவதும் ஒன்று போலத் தெரியும். திரையில் இரண்டுமே ஒரு அம்புக்குறியைப் பிடித்து இழுப்பதுதான். ஆனால் உள்ளே நடப்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஃபைல் சிஸ்டம் எதை எங்கே வைத்தோம் என்று எழுதி வைக்கும் கணக்கு எல்லாம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. வலது ஓரத்தைக் குறைத்தால், வால் பக்கத்தில் இருக்கும் சில ஃபைல்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு எல்லையைத் திருத்தினால் முடிந்தது, கூட்டினால் அதுகூடத் தேவையில்லை, சில விநாடி வேலை. இடது ஓரத்தை நகர்த்தினாலோ கணக்கு தொடங்கும் புள்ளியே மாறுகிறது, அதனால் பார்ட்டிஷன் முழுவதையும் ஒரு துண்டு விடாமல் வேறு இடத்துக்குக் காப்பி செய்ய வேண்டும். வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட வேண்டும் என்பதற்காக வயலில் நிற்கும் பயிர் முழுவதையும் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நடுவது போல.

அதிலும் ஜிபார்ட்டட் காப்பி செய்வது பயன்பாட்டில் இருக்கும் இடத்தை மட்டுமல்ல. பார்ட்டிஷனின் முழு நீளத்தையும், காலி இடம் உட்பட. என் டி டிரைவ் 830 ஜிபி, அதில் ஃபைல்கள் 320 ஜிபிதான். இடது பக்கம் 150 ஜிபி குறைக்கச் சொன்னால் மிச்சமிருக்கும் 680 ஜிபியையும் தூக்கி நகர்த்தும். ஒரே ஹார்ட் டிஸ்கில் படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும், ராத்திரி முழுக்க ஓடும். பழைய டிஸ்கில் ஒத்திகை பார்த்தபோதுதான் இதைக் கவனித்தேன். அதனால் வீட்டுக் கணினியில் மூன்று படியாகச் செய்தேன். முதலில் டி-யின் வலது ஓரத்தை உள்ளே இழுத்து 400 ஜிபி ஆக்கினேன். பிறகு அந்த 400 ஜிபியை மட்டும் 150 ஜிபி வலது பக்கம் நகர்த்தினேன். கடைசியில் வலது ஓரத்தைப் பழையபடி டிஸ்கின் முடிவு வரை நீட்டினேன். நகர்த்துவதற்கு மூன்றரை மணி நேரம் ஆனது, மற்ற இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதில் ஒன்று முக்கியம், ஒவ்வொரு படி முடிந்ததும் அப்ளை அழுத்தி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே பார்ட்டிஷனில் அடுத்தடுத்துச் சொல்லும் மாற்றங்களை ஜிபார்ட்டட் ஒன்றாகச் சேர்த்துவிடும், அப்புறம் இந்த நேர மிச்சமெல்லாம் கிடைக்காது.

அப்ளை என்றதும் சொல்ல வேண்டியது, நாம் இழுப்பது, குறைப்பது எதுவும் உடனே டிஸ்கில் நடப்பதில்லை. கீழே ஒரு பட்டியலில் சேரும், பச்சை டிக் அடையாளத்தை அழுத்தும் வரை டிஸ்க் தொடப்படாமலே இருக்கும். தப்பாக இழுத்துவிட்டால் அன்டூ. இந்த ஏற்பாடு பதற்றத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது, பத்து நிமிடம் உட்கார்ந்து பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு அழுத்தலாம். ஓட ஆரம்பித்த பிறகு விவரம் என்ற முக்கோணத்தைத் திறந்தால் எந்தக் கட்டளை ஓடுகிறது, எவ்வளவு முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் என்று வரிவரியாகத் தெரியும். முடிந்ததும் அதையெல்லாம் ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். ஏதாவது தவறினால் உதவி கேட்க அந்த ஃபைல்தான் கையில் இருக்கும் ஒரே சாட்சி, அதனால் எல்லாம் சரியாக முடிந்தாலும் சேமித்து வையுங்கள், பூட் செய்த பென்டிரைவில் அல்லாமல் வேறொரு யுஎஸ்பியில்.

முடியாது என்று நிற்கும் குணத்தைச் சொன்னேன் அல்லவா, முதல் நாள் அதைத்தான் சந்தித்தேன். சி டிரைவுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், அதைத் திறந்தால் விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருக்கிறது, முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு வா என்று செய்தி. நான் ஷட் டவுன்தான் செய்திருந்தேன். ஆனால் விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறதே, அது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதியை ஹைபர்னேஷன் ஃபைலில் எழுதிவைத்துவிட்டுத்தான் அணைகிறது, ஃபைல் சிஸ்டத்தைப் பாதி திறந்த நிலையிலேயே விட்டுவிடுகிறது. அந்த நிலையில் அளவை மாற்றினால் விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய நினைவை வைத்துக்கொண்டு புதிய எல்லைக்குள் எழுதும், நாசம்தான். ஜிபார்ட்டட் அதற்குள் நுழையவே மறுத்தது சரியான காரியம். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிட்டு, டிஸ்க் பிழைகளைத் தேடும் செக் டிஸ்க்கை ஒரு தடவை ஓட்டிவிட்டு, மறுபடி அணைத்து வந்தேன், முக்கோணம் போய்விட்டது.

இனி அதற்குத் தெரியாதவை. முதலாவது ரெக்கவரி பார்ட்டிஷன். என் டிஸ்கில் சி-க்கும் டி-க்கும் நடுவில் 500 எம்பி அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் பூட் ஆகாமல் போனால் பழுது பார்க்கும் திரை அதிலிருந்துதான் வருகிறது. ஜிபார்ட்டட்டுக்கு அது விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும் இன்னொரு பார்ட்டிஷன், நகர்த்து என்றால் நகர்த்திவிடும், விண்டோஸுக்கு அது எங்கே போனது என்று தெரியாமல் போகலாம். ஆகவே விண்டோஸை விட்டு வெளியேறுவதற்கு முன் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ரீஏஜென்ட்-சி என்ற கட்டளையால் ரெக்கவரியை முடக்கிவிட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு அதே கட்டளையால் திரும்ப இயக்க வேண்டும். சிலர் அதை அழித்துவிடச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, என்றாவது ஒருநாள் தேவைப்படும். நான் அதை டி-யை ஒட்டி நகர்த்தி, இடையில் கிடைத்த இடத்தைச் சி-க்குக் கொடுத்தேன், கூடவே ரெக்கவரியை 1 ஜிபி ஆகவும் ஆக்கினேன். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இந்த பார்ட்டிஷன் சின்னதாக இருந்த கணினிகளில் ஏறாமல் பிழை காட்டியது, கடைசியில் மைக்ரோசாஃப்ட்டே சி-யில் 250 எம்பி குறைத்து இதற்குக் கொடுக்கும் வழியை வெளியிட்டது. எப்படியும் பிரித்துப் போட்டிருக்கிறோம், அந்த வேலையையும் அப்போதே முடித்துவிடலாம் இல்லையா.

இரண்டாவது பிட்லாக்கர், அதாவது டிரைவை மறையாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. பூட்டிய டிரைவின் அளவை ஜிபார்ட்டட்டால் மாற்ற முடியாது, பிட்லாக்கர் என்று பெயர் மட்டும் காட்டும். நான் பூட்டவே இல்லையே என்று சொல்லாதீர்கள், புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் பார்த்து, இருந்தால் முழுதாக நீக்கி, நீக்கி முடியும் வரை காத்திருக்க வேண்டும். அது எப்படி இருந்தாலும் 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரையில்) எதையும் மாற்றக்கூடப் போகாதீர்கள்.

சில லேப்டாப்களில் ஜிபார்ட்டட் திறந்தால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே தெரியாது, பென்டிரைவ் மட்டும் தெரியும். இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் இயங்கினால் இப்படி ஆகலாம். அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும், ஆனால் விண்டோஸைத் தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். இதற்குப் பயந்தால் இந்த வழியை விட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது ஓடும்போதே நடக்கும், குறைக்க வேண்டுமென்றால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும், ரூட் என்றால் லைவ் பென்டிரைவ்தான் வழி. பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் ஓடும்போதே செய்யும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் குறைக்கும் எண்ணத்தையே மறந்துவிடுங்கள், பேக்கப் எடுத்து, அழித்து, புதிதாக உருவாக்க வேண்டும். சாவி படம் போட்டிருக்கும் பார்ட்டிஷனைத் தொட முடியவில்லை என்று பலர் திணறுகிறார்கள், அது மவுண்ட் ஆகியிருக்கிறது அல்லது ஸ்வாப் பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம், வலது கிளிக்கில் அன்மவுண்ட் அல்லது ஸ்வாப் ஆஃப் கொடுத்தால் போதும்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் ஏன் என்பதையும் சேர்த்து. இடது ஓரத்தை நகர்த்தும் அந்த மூன்றரை மணி நேரத்தில் டி டிரைவ் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் இருக்கிறது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு இடத்திலும் முழு ஃபைல் சிஸ்டம் கிடையாது. டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்புக் கருவிகள் தொலைந்துபோன பார்ட்டிஷன் டேபிளைத் தேடித் தருவதில் கெட்டிக்காரர்கள், ஆனால் பாதி நகர்ந்ததை முழுதாக்க அவற்றாலும் ஆகாது. வலது ஓரத்து வேலைகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் இல்லாமல் இல்லை. லேப்டாப் என்றால் சார்ஜரோடு பேட்டரியும் இருக்கட்டும், மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் கட்டாயம். அதற்கும் முன்னால் டிஸ்கின் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பை, பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ரீஅலொகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளில் சுழியத்துக்கு மேல் எண் இருந்து அது கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் நகர்த்தும் வேலையே வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றி எடுத்து டிஸ்கை மாற்றுங்கள்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க் கையில் இருந்து, டி-யின் ஃபைல்கள் எல்லாம் அதில் கொள்ளும் என்றால், டி-யை முழுதாகக் காப்பி செய்து, அந்தக் காப்பியைத் திறந்து சரிபார்த்து, டி-யை அழித்துவிட்டு, சி-யைப் பெரிதாக்கி, புதிய டி உருவாக்கித் திரும்பக் கொட்டுவது நகர்த்துவதைவிட எளிது. எப்படியும் பேக்கப் எடுக்கத்தானே வேண்டும், எடுத்த பிறகு நகர்த்துவதற்கு என்ன அவசியம் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான்: டி-யில் நிறுவிய மென்பொருள்களும் அவற்றின் ஃபோல்டர் உரிமைகளும் அசையாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

இருந்தன. விண்டோஸ் முதல் பூட்டில் இரண்டு டிரைவையும் தானாகவே செக் டிஸ்க் ஓட்டியது, அது ஜிபார்ட்டட் வேண்டுமென்றே குறித்துவைத்துவிட்டுப் போகும் வேலை, குறுக்கே எதுவும் அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். டி என்ற எழுத்து மாறவில்லை, ஷார்ட்கட்டுகள் எல்லாம் வேலை செய்தன, சி இப்போது 250 ஜிபி. ரெக்கவரியைத் திரும்ப இயக்கி, பழுது பார்க்கும் திரைக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

குறை என்று சொன்னால், நடுவில் நிறுத்தி வைத்து அப்புறம் தொடரும் வசதி இல்லை. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 தெரிந்தவர்களுக்கே பழக்கமான சொற்கள் எல்லா இடத்திலும் கிடக்கின்றன. அளவுகளை எம்ஐபியில் (விண்டோஸ் எம்பி என்று காட்டும் அதே அலகு) கேட்கிறது, 150 ஜிபி என்றால் 150-ஐ 1024-ஆல் பெருக்கி 1,53,600 என்று அடிக்க வேண்டும். அலைன் என்ற இடத்தில் எம்ஐபி என்று இருப்பதை மாற்றாதீர்கள், எஸ்எஸ்டிக்கும் புதிய ஹார்ட் டிஸ்குகளுக்கும் அதுதான் சரி.

போன வாரம் அக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து இதையே செய்து தரச் சொன்னாள். திறந்து பார்த்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அவளுக்கு வேண்டியது சி-க்குப் பின்னால் தனியாக ஒரு 80 ஜிபி டிரைவ் மட்டும்தான். பூட்டியிருந்தாலும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் சி-யைக் குறைத்துவிடும். பேக்கப் எடுத்ததற்கு முக்கால் மணி நேரம், குறைத்ததற்கு இரண்டு நிமிடம். ஜிபார்ட்டட் பென்டிரைவை மேசை டிராயரிலிருந்து எடுக்கவே இல்லை.